கொப்பளிக்கிற சத்தம்

எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டு வாய் கொப்பளிக்க மாட்டோம். கேட்டால் சிரிப்பு வரும். ஊரே விடிந்ததும் புழக்கடையில் நின்று காறிக் கொப்பளித்துத் துப்பி அக்கம்பக்கத்தை எழுப்பும். எங்கள் அப்பா மட்டும் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். நான் தண்ணீரை வாயில் வைத்து, கன்னம் அசையாமல் நாக்கால் சுழற்றி, குனிந்து மண்ணில் மெல்ல வழியவிடுவேன். கல்யாணமாகிப் போன வீட்டில் என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மண்ணுக்கு வலிக்கும்னா இப்பிடித் துப்பறே?" என்று கேலி பண்ணினார். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து வந்தது. அவளுக்கும் எனக்கும் எட்டு ஒன்பது வயது வித்தியாசம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களும் ஒரு சின்னக் கோயிலும் இருந்த ஊர் எங்களுடையது. மானாவாரி நிலம். ராகி, அவரை, மழை பெய்தால் நிலக்கடலை. தண்ணீர் ஆழக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் பல் பழுப்பாக, கோடு கோடாக இருக்கும். கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் செங்கல் தூள்வரை தேய்த்துப் பார்த்தவள். அக்காவுக்கு அதில் வெட்கம் அதிகம். சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போகும். என் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "போச்சு போ. எம்பல்லு அப்பிடியே உனக்கு வருது. நாளைக்கு நீயும் என்னாட்டம் முந்தானைக்குள்ள சிரி" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் கையைக் கடித்துவிட்டேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, தவக்காலத்தில், அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கிராம்பு வைத்தாள், புகையிலை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாளே பிடுங்கிவிடலாம் என்றார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பாடுபட்ட நாள்களில் எங்கள் பக்கம் கத்தி எடுக்க மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். ரத்தம் சிந்துகிற காரியம் எதுவும் கூடாது. "சாமியே அவ்வளவு பாடு பட்டாரு. நீ ஒரு நாளு பொறுத்துக்கக் கூடாதா கண்ணு?" என்றாள் அம்மா. அக்கா பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை முழுக்கக் கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சிலுவைப்பாதையில் முட்டி போட்டாள்.

சனிக்கிழமை காலையில் அப்பா அவளைக் காரிமங்கலத்தில் பல் பிடுங்குகிற ஒருவரிடம் கூட்டிப்போனார். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார்கள். அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது. சுத்தமாகப் பிடுங்கி, பஞ்சு வைத்து, நன்றாகக் கடித்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டு வந்தாள். வலி போய்விட்ட சந்தோஷம்.

அம்மாதான் பஞ்சை எடுக்கச் சொன்னாள்.

"கெட்ட ரத்தத்த அடைச்சு வெக்கறதா? சீழ் வெச்சுரும். எடுத்துப் போட்டுட்டு நல்லாத் துப்பு" என்றாள். சட்டியில் தண்ணீர் சுட வைத்து, கல் உப்பைப் போட்டுக் கலக்கிச் சொம்பில் கொண்டுவந்தாள். புழக்கடையில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அக்கா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொப்பளித்தாள். களகளவென்று சத்தம், அப்புறம் துப்பல், அப்புறம் மறுபடியும் சத்தம். கல்லடி மண் சிவந்தது. அம்மா சாம்பலைக் கொண்டுவந்து தூவினாள். ஆறவிடாமல் அடுத்த சொம்பு வந்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பாளோ என்னவோ. மறுநாள் பாஸ்கா, சாமி உயிர்த்தெழுந்த திருநாள். விடியற்காலைப் பூசையில் நன்மை வாங்க வேண்டும். நன்மை என்றால் தேவநற்கருணை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதை வாங்குவதற்கு முந்தின பொழுதிலிருந்தே எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. அது பழைய காலத்து விதி. அதைத் தளர்த்திவிட்டார்கள் என்று வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊர் வரைக்கும் அது வந்து சேரவில்லையோ, வந்தும் அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லையோ, தெரியாது.

"ரத்தத்த முழுங்கிராத கண்ணு. ஒரு சொட்டு உள்ள போனாலும் விடியால நன்மை வாங்க முடியாது. ஊற ஊறத் துப்பிரு" என்றாள் அம்மா.

அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். நானாக இருந்தால் முழுங்கிவிட்டு இல்லை என்றிருப்பேன். அவள் பொழுது சாய்ந்தும் அந்தக் கல்லை விட்டு எழுந்து வரவில்லை. நான் பாயில் படுத்துக்கொண்டு, கொப்பளிப்பதும் துப்புவதும் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்தபோதும் அதே சத்தம்தான்.

விடிகாலையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்தது. நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். சாமியார் ஒரு கணம் அவள் வாயைப் பார்த்துத் தயங்கினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே அக்கா உட்கார்ந்துவிட்டாள். மாட்டு வண்டி கட்டி, அப்புறம் பஸ் பிடித்து, தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

ஊர் முழுக்க ஒரே வார்த்தையைத்தான் அம்மாவிடம் சொன்னது. பாஸ்காவில் நன்மை வாங்கின வாயோடு போயிருக்கிறாள், நேராக மோட்சம்தான், நீ அழக்கூடாது. அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடித்துக்கொள்வாள், பாவம்.

அதற்கப்புறம்தான் எங்கள் வீடு சத்தமில்லாமல் கொப்பளிக்கப் பழகியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் அப்பா தெரியாத்தனமாகப் புழக்கடையில் நின்று கொப்பளித்துத் துப்பினார். அடுப்பங்கரையில் இருந்த அம்மா கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசல்வரை ஓடிவந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த அப்பா, மறுநாளிலிருந்து கிணற்று மேட்டுக்குப் போனார். துவைக்கிற கல்லை அம்மா துணிக்கு மட்டும்தான் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து மண்ணில் ஒருவரையும் துப்ப விட மாட்டாள்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. சொன்னால் பைத்தியம் என்பீர்கள், சொல்லிவிட்டுப் போகிறேன். பொழுது சாயும் நேரத்தில், கோழிகள் அடையும்போது, கல் பக்கத்திலிருந்து எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். முதலில் களகள, அப்புறம் துப்பல். எட்டிப் பார்த்தால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். திரும்பினால் அம்மா அடுப்பின் முன்னால் தலையைச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, காத்து" என்பாள். எனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டதா என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது, கேட்கவில்லை.

நான் வளர்ந்தேன். அக்கா சொன்னபடியே அவள் வாய் எனக்கு வந்தது. கீழ்வரிசையில் ஒன்று கோணலாக ஒன்றின் மேல் சாய்ந்திருந்ததுகூட அப்படியே வந்தது. கண்ணாடியில் பல்லைக் காட்டினால் அங்கே நிற்பது நான் இல்லை. ரத்தமும் அவளைப் போலத்தான். எனக்கு மூக்கில் ரத்தம் வந்தால் சீக்கிரம் நிற்காது. அரிவாள்மணையில் விரல் கீறினால் துணி துணியாக நனையும். அப்பாவுக்கும் அதேதான். சவரக் கத்தி பட்ட நாளெல்லாம் தாடையில் காகிதம் ஒட்டிக்கொண்டு திரிவார். அதனால் எனக்கு வாத்தியார் படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த சமயத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், அதே கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கமாகவே மென்று, கிராம்பை ஒளித்து வைத்துக்கொண்டு நாளை ஓட்டினேன். கடைசியில் கன்னம் வீங்கிக் காட்டிக்கொடுத்தது.

அம்மா வீக்கத்தைப் பார்த்தாள். "எந்தப் பல்லு?" என்று மட்டும் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தருமபுரியில் ஒரு பல் டாக்டர் மாடியறை ஒன்றில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரியும். அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அம்மா ஜெபமாலை உருட்டினாள். வெளியில் ஒரு பெஞ்சு, உள்ளே நாற்காலி, நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "காரிமங்கலமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்க ஊர்த் தண்ணிதான் பல்லுல எழுதி வெச்சிருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குப் பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் செத்துப்போனாள், எனக்கும் சீக்கிரம் நிற்காது என்று அப்போதே சொன்னேன். அவர் கேலியை நிறுத்திவிட்டார். விரல் நுனியில் ஊசியால் குத்தி, மை ஒற்றும் தாளில் துளித் துளியாக ஒற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக விழுந்துகொண்டே போயின.

"கொஞ்சம் லேட்டாத்தான் நிக்குது. ஆனா நிக்குது. தையல் போட்டு எடுக்கலாம், பயப்படாதீங்க" என்றார்.

எடுத்தார். ஊசி போட்டதால் வலி தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பல் இலேசில் வராது, நொறுங்கும்; துண்டு துண்டாகத்தான் வந்தது. தையல் போட்டு, துணித் திண்டு ஒன்றை மடித்து வைத்து, பலமாகக் கடித்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு, மறுபடி வாயைப் பார்த்து, வேறு திண்டு வைத்தார். அப்புறம்தான் சொன்னார்.

"இன்னைக்குத் துப்பவே கூடாது. எச்சில் ஊறினா முழுங்கிடுங்க. கொப்பளிக்கக் கூடாது. சூடா எதுவும் வாயில வெக்கக் கூடாது. தலையைக் கொஞ்சம் உசத்தி வெச்சுப் படுங்க. நாளைக்குக் காலையில இருந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில மெதுவா அலம்பலாம்."

வாயில் துணியை வைத்துக்கொண்டு நான் குழறிக் கேட்டேன். "துப்பினா என்ன ஆகும்?"

"ரத்தம் உறைஞ்சு அந்தக் குழிக்கு ஒரு மூடி போடுது. துப்பத் துப்ப அது பிடுங்கிக்கும். கொப்பளிச்சா கழுவிட்டுப் போயிடும். அப்புறம் மறுபடி ரத்தம்தான். உங்க மாதிரி உடம்புக்கு ஆபத்து."

"பஞ்சை எடுத்துட்டு, சுடுதண்ணியில விடிய விடியக் கொப்பளிச்சிருந்தா?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எவ சொன்னா அந்த யோசனைய? அதுக்குக் கத்தியால குத்தியே கொன்னிருக்கலாம்."

நாற்காலியிலிருந்து திரும்பித் திரையைப் பார்த்தேன். பச்சைத் துணி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் அம்மா. கேட்டிருப்பாளா? கீழே பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, தெருவில் ஒருவன் ஏதோ கூவிக்கொண்டு போனான். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா பெஞ்சின் அந்தக் கோடியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், மாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா கண்ணு?" என்று எழுந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேசுவே, இவள் கேட்கவில்லை என்று என் நெஞ்சு அடங்கியது.

பஸ்ஸில் வரும்போது துணியைக் கடித்துக்கொண்டு ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. அவள் உயிரோடு நடமாடுவது அந்த நேராக மோட்சம் என்கிற ஒரு வார்த்தையில்தான். தன் கையால் உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்த தண்ணீர்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே அவள் கிணற்றைப் பார்த்துப் போய்விடுவாள். என் ரத்தம் நின்றால் எனக்குப் போதாது. அது எதனால் நின்றது என்று அவளுக்குத் தெரியாமல் நிற்க வேண்டும். அவள் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வது? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். டாக்டர் சொன்னார் என்றால், ஏன் சொன்னார் என்பாள்.

நினைத்த மாதிரியே பொழுது சாயும் நேரத்தில் அம்மா சொம்போடு வந்தாள். "வா கண்ணு, வாயக் கொப்பளிச்சிரு" என்றாள். பத்து வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கல்லுக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

நான் அக்கா உட்கார்ந்த இடத்தில் குந்தினேன். முதுகை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டு, சொம்புக்குள் கையை விட்டு அளைந்தேன். உதட்டை மூடிக்கொண்டு தொண்டையால் களகளவென்று ஒரு சத்தம் எழுப்பினேன். கொஞ்சம் தண்ணீரைக் கல்லில் ஊற்றி, வெறும் உதட்டால் துப்புவதுபோல் ஓசை காட்டினேன். மறுபடியும் அளைந்தேன், மறுபடியும் ஊற்றினேன். சத்தமில்லாமல் கொப்பளிக்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, கொப்பளிக்காமல் சத்தம் போட வேண்டியதாயிற்று. நான் போட்ட சத்தம் எனக்கே அக்கா போட்டதாகக் கேட்டது. அம்மா எனக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், கையை நீட்டினபடியே நின்றாள். மயக்கம் வந்து விழுந்தால் பிடிக்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் சூடே இல்லை என்பதும் கையில் பட்டது. ஆறிவிட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஊறிய எச்சிலையெல்லாம் முழுங்கினேன். இரும்பு ருசி. ஒவ்வொரு முழுங்கலுக்கும், முழுங்காமல் துப்பித் துப்பியே போனவள் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தேன். குழியில் கருஞ்சிவப்பாக ஒரு மூடி உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் டாக்டர் சொன்னபடி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நிஜமாகவே அலம்பினேன். அதே உப்பு, அதே சொம்பு. ஒரே ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் அம்மாவின் தண்ணீர் அக்காவுக்கு நல்லதுதான் செய்திருக்கும். அது நினைவுக்கு வந்தபோது சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

நன்றாகவே ஆறியது. ஆறவைத்த ராகிக் கூழும் மோருமாக ஒரு பக்கத்தாலேயே குடித்தேன். வீக்கம் நாளுக்கு நாள் வடிந்தது. தையலைப் பிரித்த டாக்டர், "ஜோரா ஆறியிருக்கு" என்று மெச்சிக்கொண்டார். ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவிடம், "சின்னவளையாவது மாதா காப்பாத்திக் குடுத்தாங்களே" என்றார்கள். அம்மா தலையாட்டினாள். ஆனால் என் உடம்பு தேறத் தேற அவள் இளைத்துக்கொண்டு போனாள். சோறு இறங்கவில்லை. பயந்த பயம் இப்போதுதான் உடம்பில் காட்டுகிறது என்றார் அப்பா, நானும் நம்பினேன். என் வாயை மட்டும் அவள் ஒரு தரம்கூடத் திறந்து பார்க்கவில்லை.

எனக்கு ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது, கல்யாணமாயிற்று. அப்பா காலமானார். எழுபதுகளின் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மாவுக்கு ஒரு பல் ஆடி வலித்தது. அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கு நரை விழுந்திருந்தது, திரை மாறியிருந்தது. பல் சுலபமாக வந்துவிட்டது. நான் திரைக்கு உள்ளேயே நின்று, அவர் ஒரு வார்த்தையும் அதிகம் பேசிவிடாமல் பார்த்துக்கொண்டேன். துப்ப வேண்டாம், கொப்பளிக்க வேண்டாம் என்றார். அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்க வைத்துவிட்டு, மோர் வாங்க நாலு வீடு தள்ளிப் போனேன். திரும்பி வந்து வாசலில் கால் வைத்தபோது புழக்கடையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. களகள, அப்புறம் துப்பல். பட்டப்பகல். அக்கா வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா குந்தியிருந்தாள். பஞ்சு மண்ணில் கிடந்தது. சொம்பில் ஆவி பறந்தது. கொப்பளித்துத் துப்பி, துப்பின இடத்தைக் குனிந்து உற்றுப் பார்த்து, மறுபடியும் சொம்பைத் தூக்கினாள்.

"ஐயோ, என்னா பண்றே நீ? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திக்கொண்டு சொம்பைப் பிடுங்கினேன். சுடுதண்ணீர் என் காலில் சிந்தியது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கல்லடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெளுப்பாகத்தான் ஓடியிருந்தது.

"நின்னுபோச்சு" என்றாள். "எத்தன தடவ கொப்பளிச்சேன். சிவப்பே வர்ல. எனக்கு நின்னுபோச்சு பாரு."

அவள் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படியோ, எப்போதோ, அவளுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. பதறிப்போய், கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு பேசினேன். "பாத்தியா? பாத்தியாம்மா? சுடுதண்ணியில இத்தன வாட்டி கொப்பளிச்சும் உனக்கு நின்னுபோச்சில்ல? தண்ணியில ஒண்ணுமில்லம்மா. அக்கா ரத்தம் அந்த மாதிரி. அப்பா வழி ரத்தம் அது, நிக்காது. நீ என்னா பண்ணுவே? யாரு என்னா பண்ணியிருந்தாலும் அவ போயிருப்பா."

அம்மா முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் அதே ரத்தந்தானே கண்ணு" என்றாள்.

"ஆமா, எனக்கும்..." என்று தொடங்கினேன்.

"நீ கொப்பளிக்கல. சத்தந்தானே காட்டினே."

அவள் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"தெரைக்கு இந்தப் பக்கந்தானே இருந்தேன். கத்தியால குத்தியிருக்கலாம்னாரே, அதுவரைக்கும் கேட்டேன். நீ வர்றது தெரிஞ்சு ஜன்னல் பக்கமா நவுந்துக்கிட்டேன்."

"அப்ப ஏம்மா அன்னைக்கிச் சொம்பக் கொண்டாந்தே?"

"கொண்டாரலன்னா, நான் கேட்டுட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிருமே. நீ பச்ச ரணத்தோட கெடக்கறப்ப அந்தப் பேச்சு எதுக்கு? அது வெறும் பச்சத் தண்ணி. உப்புக்கூடப் போடல. நீ வாய்கிட்ட கொண்டுபோனா தட்டி வுட்டுரலாம்னு பின்னாலயே நின்னேன்."

இத்தனை வருஷமாக அவளிடமிருந்து மறைக்கிறேன் என்று நான் இருந்தேன். அவளும் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் மாதா காப்பாற்றினாள் என்று சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அக்காவைக் கொண்டுபோனது தன் தண்ணீர்தான் என்பதற்கு, கொப்பளிக்காமல் நான் நல்லபடி ஆறினதுதான் அவளுக்குச் சாட்சி. என் வாயைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வராததில் என்ன ஆச்சரியம்? அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அம்மா அழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் தாடையைப் பிடித்து, அக்கா ஒரு நாள் திருப்பின மாதிரியே, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஆ காட்டு" என்றாள். காட்டினேன். விரலை உள்ளே விட்டுக் கீழ்க் கடைவாயில் அந்த வெற்றிடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே வைத்துக்கொண்டே இருந்தாள். விரலில் உப்புக் கரித்தது.

"நல்லா ஆறியிருக்கு" என்றாள்.